வான் எரிக் குடும்பமும் டல்லாஸ் மல்யுத்த அரங்கமும்

மல்யுத்தம் என்றதும் மூத்த தலைமுறையினருக்கு, சிங்கப்பூரில் கிங் காங்கும் தாரா சிங்கும் மோதிய காலம் நினைவுக்கு வரும். இளையோருக்குத் தொலைக்காட்சியில் காட்டப்படும் அமெரிக்க மல்யுத்தமே பழக்கம். அது இன்று ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. ஆனால் 1980களின் தொடக்கம் வரை நிலைமை வேறு. அமெரிக்காவில் வட்டாரத்துக்கு வட்டாரம் ஒரு மல்யுத்த நிறுவனம் இருந்தது. அவற்றுள் டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் இயங்கிய 'வோர்ல்ட் கிளாஸ் சாம்பியன்ஷிப் ரெஸ்லிங்' தொலைக்காட்சியால் உச்சிக்குச் சென்றது. அதை நடத்திய குடும்பம் அதற்குக் கொடுத்த விலையோ மிகப் பெரிது.

வட்டார முறை

1948-ஆம் ஆண்டு அமெரிக்க மல்யுத்த ஏற்பாட்டாளர்கள் சிலர் கூடித் தேசிய மல்யுத்தக் கூட்டணியை அமைத்தனர். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை என்பதும், எல்லாருக்கும் பொதுவாக ஓர் உலக வெற்றியாளர் இருப்பார் என்பதும் ஏற்பாடு. அந்த வெற்றியாளர் வட்டாரம் வட்டாரமாகச் சுற்றி வந்து உள்ளூர் நாயகர்களுடன் மோதுவார்.

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. ஆனால் விழும் அடியும் படும் காயமும் உண்மையானவை. வாரந்தோறும் வரும் தொலைக்காட்சி நிகழ்ச்சி அக்காலத்தில் ஒரு விளம்பரமே. "மீதியைக் காண அரங்கத்துக்கு வாருங்கள்" என்று மக்களை அழைப்பதே அதன் வேலை. நுழைவுச்சீட்டு விற்ற பணமே பிழைப்பு.

தந்தையின் அரங்கம்

டல்லாஸ் நிறுவனத்தின் தலைவர் ஃபிரிட்ஸ் வான் எரிக். இவரது இயற்பெயர் ஜேக் அட்கிசன், டெக்சஸ்காரர். இரண்டாம் உலகப் போரின் வடு ஆறாத காலத்தில் ஜெர்மானிய வில்லன் வேடமிட்டால் கூட்டம் சேரும் என்பதால் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார். எதிராளியின் தலையை ஒரே கையால் கவ்விப் பிடிக்கும் 'இரும்புப் பிடி' இவரது ஆயுதம். பின்னர் சொந்த மாநிலத்தில் நாயகனாக மாறி, டல்லாஸ் நிறுவனத்தையும் தம் பொறுப்பில் கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் 'ஸ்போர்ட்டடோரியம்' என்ற தகரக் கொட்டகை அரங்கத்தில் போட்டிகள் நடந்தன. சுமார் 4,500 பேர் அமரக்கூடிய அந்த இடத்துக்கு ஃபிரிட்ஸின் மகன்கள் கெவின், டேவிட், கெரி மூவரும் வந்து சேர்ந்தபோது புதிய காலம் பிறந்தது.

தொலைக்காட்சி தந்த உயர்வு

1980களின் தொடக்கத்தில் டல்லாஸ் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் வழியாக நிகழ்ச்சி புதுப்பொலிவு பெற்றது. பல கேமராக்கள் களத்தின் அருகிலேயே நின்றன. ஒலிவாங்கிகள் அடியின் ஓசையை வீட்டுக்கூடம் வரை கொண்டுவந்தன. வீரர்கள் இசையோடு நுழைந்தனர். கூடவே மகன்களின் வீட்டு வாழ்க்கையும் இறைபக்தியும் காட்டப்பட்டன. அதுவரை அரங்கம் பக்கம் வராத இளம்பெண்களும் சிறுவர்களும் வரிசையில் நின்றனர். நிகழ்ச்சி அமெரிக்காவின் பல நகரங்களுக்கும் இஸ்ரேல் போன்ற வெளிநாடுகளுக்கும் சென்றது.

1982 கிறிஸ்துமஸ் இரவில் கம்பிக் கூண்டுக்குள் கெரியும் உலக வெற்றியாளர் ரிக் ஃபிளேரும் மோதினர். அப்போது 'ஃபிரீபேர்ட்ஸ்' குழுவைச் சேர்ந்த டெரி கார்டி, கூண்டின் கதவைக் கெரியின் தலைமீது அறைந்து சாத்தினார். அங்கே மூண்ட பகை பல ஆண்டுகள் அரங்கத்தை நிரப்பியது.

துயரமும் நிகழ்ச்சியானது

1984 பிப்ரவரி 10-ஆம் நாள் டேவிட் தோக்கியோவில் இறந்தார். வயது 25. குடல் அழற்சியே காரணம் என அறிவிக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்குள், மே 6-ஆம் நாள், டெக்சஸ் ஸ்டேடியத்தில் அவரது நினைவாகப் பெரும் போட்டி நடந்தது. 32,000 பேருக்கு மேல் திரண்டனர். கெரி ஃபிளேரை வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றார். பதினெட்டே நாளில் ஜப்பானில் அதை இழந்தார்.

டேவிட் இல்லாத இடத்தை நிரப்பும் சுமை தம்பி மைக் மீது விழுந்தது. இசையில் நாட்டம் கொண்டவர் அவர். 1985-இல் தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பின் கடும் நச்சுக் காய்ச்சல் கண்டு உயிர் பிழைத்தார். பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆனாலும் மீண்டும் களத்தில் இறக்கப்பட்டார். 1987 ஏப்ரலில், 23 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1986-இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் கெரியின் பாதம் அகற்றப்பட்டது. அதை மறைத்தே அவர் தொடர்ந்து மோதினார். ஆள் பற்றாக்குறையால் 'லான்ஸ் வான் எரிக்' என்ற இல்லாத உறவினர் ஒருவர் அறிமுகமானார். 1987 கிறிஸ்துமஸ் நாளில் ஃபிரிட்ஸ் மயங்கி விழுவதுபோல் நடித்ததும் நிகழ்ச்சியின் பகுதியே. ஏற்கெனவே உண்மையான மரணங்களுக்காக அழுத ரசிகர்கள் இதை ரசிக்கவில்லை.

எல்லைகள் மறைந்தன

இதற்கிடையே கேபிள் தொலைக்காட்சி பரவியது. நியூயார்க் பகுதியின் ஏற்பாட்டாளர் வின்ஸ் மெக்மேன் வட்டார எல்லைகளைத் தாண்டி, நாடு முழுவதும் ஒரே நிகழ்ச்சியைக் காட்டினார். மற்ற வட்டாரங்களின் வீரர்களையும் ஈர்த்துக்கொண்டார். டல்லாஸ் நிறுவனம் 1986-இல் பழைய கூட்டணியை விட்டு விலகித் தனித்து நின்றது. தாக்குப்பிடிக்க முடியாமல் பின்னர் மெம்ஃபிஸ் நகர நிறுவனத்துடன் இணைந்தது. 1990-இல் அதன் கதை முடிந்தது.

குடும்பத்தின் துயரம் அத்துடன் முடியவில்லை. 1991-இல் கடைசி மகன் கிரிஸும், 1993-இல் கெரியும் மைக்கின் வழியிலேயே மறைந்தனர். முதல் மகன் ஜேக் 1959-இலேயே சிறுவயதில் விபத்தில் இறந்துவிட்டான். ஆறு மகன்களில் கெவின் மட்டுமே எஞ்சியிருந்தபோது, 1997-இல் ஃபிரிட்ஸ் காலமானார். ஸ்போர்ட்டடோரியம் 2003-இல் இடிக்கப்பட்டது. 2023-இல் 'தி அயர்ன் க்ளா' திரைப்படம் இக்கதையைச் சொன்னது. அதிலும் கிரிஸ் இடம்பெறவில்லை.

கெவின் தம் தந்தையை இன்றும் அன்போடு நினைவுகூர்கிறார். எனவே ஒருவர் மீது பழியைப் போட்டு இக்கதையை முடித்துவிட முடியாது. தந்தை முதலாளியாகவும், குடும்பமே விற்பனைப் பொருளாகவும் இருந்த தொழில் அது. வேலை பிடிக்காதவர் வேறு வேலைக்குப் போகலாம். மகன் என்பதே வேலையாகிவிட்டால் அவன் எங்கே போவான்? பிள்ளைகளைத் தொழிலிலும் மேடையிலும் ஏற்றிவிடும் பெற்றோர், "வேண்டாம்" என்று சொல்லும் வழி ஒன்றையும் அவர்களுக்குத் திறந்து வைப்பது நல்லது.