உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்தில் அலையும் ஓர் ஆறு!

இலக்கில்லாமல் சுற்றித் திரிவதை ஆங்கிலத்தில் 'மியாண்டர்' என்பார்கள். இது முதலில் ஓர் ஆற்றின் பெயர்!

● தென்மேற்குத் துருக்கியில் ஓடி ஏஜியன் கடலில் கலக்கும் மெண்டெரெஸ் ஆற்றுக்குப் பழைய கிரேக்கப் பெயர் 'மையாண்ட்ரோஸ்'. வளைந்து நெளியும் எதையும் அந்த ஆற்றின் பெயரால் அழைக்கும் வழக்கத்தைச் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே குறிப்பிட்டிருக்கிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ.

● லத்தீன் வழியாக 16-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இது பெயர்ச்சொல். அடுத்த நூற்றாண்டில் வினைச்சொல்லும் ஆனது. இன்று ஊர்சுற்றும் மனிதர், விஷயத்துக்கு வராமல் நீளும் பேச்சு என எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

● கிரேக்கப் பானைகளில் காணப்படும், சதுரமாக மடிந்து மடிந்து ஓடும் கரை வேலைப்பாட்டுக்கும் இதே பெயர்தான்.

● புவியியலில் இது ஆற்று வளைவைக் குறிக்கும் கலைச்சொல். வளைவின் வெளிக்கரையை நீர் அரிக்கும். உட்கரையில் வண்டல் படியும். அதனால் வளைவு மேலும் பெரிதாகும். டீயைக் கலக்கினால் தூள் கோப்பையின் நடுவில் சேர்வதை வைத்து, இதன் காரணத்தை 1926-ல் விளக்கியவர் ஐன்ஸ்டைன்!

● கி.மு. 494-ல் கிரேக்கர்களும் பாரசீகர்களும் கடற்போர் நடத்திய இடம் லாடே தீவு. மெண்டெரெஸ் கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. லாடே இப்போது சமவெளி நடுவே நிற்கும் ஒரு குன்று!