வலிப்பும் குளூட்டமேட் ஏற்பிகளும்

நெமிலி, ஆற்காடு, ஆம்பூர்ப் பகுதிகளிலிருந்து வலிப்பு நோய்க்காக வரும் குடும்பத்தினர் பலர் எம்மிடம் கேட்பது ஒன்றே: “நன்றாக இருந்த பிள்ளைக்கு ஏன் இப்படி?”

மூளையின் நரம்புச் செல்கள் வேதிப்பொருள்களின் வாயிலாகவே செய்தி பரிமாறுகின்றன. அவற்றுள் தூண்டும் பணியைப் பெரிதும் செய்வது குளூட்டமேட். அது அடுத்த செல்லின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. ஏற்பி ஒரு சிறு வாயில். குளூட்டமேட் அதன் திறவுகோல். ஆம்பா எனப்படும் ஏற்பி, நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே திறந்து சோடியத்தை உள்ளே விடும். என்எம்டிஏ என்னும் ஏற்பியையோ மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். செல் ஏற்கெனவே கிளர்ந்திருந்தால்தான் அடைப்பு விலகிக் கால்சியமும் உட்புகும். நாம் கற்பதும் நினைவில் வைப்பதும் இவ்வேற்பிகளால்தான். இவற்றின் எண்ணிக்கையும் திறந்திருக்கும் நேரமும் மிகுந்தால் செல் எளிதில் கிளரும். காபா என்னும் மற்றொரு வேதிப்பொருள் அதனை அடக்கிவைக்கிறது. இச்சமநிலை குலைந்து எண்ணற்ற செல்கள் ஒருசேரக் கிளர்வதே வலிப்பு. பெரும்பாலும் அது ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கும். கையில் திணித்த இரும்புச் சாவிக்குப் பெயர் கிடைப்பது அதனால்தான். ஐந்து நிமிடங்களைக் கடந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

சமநிலை ஏன் குலைகிறது? நெமிலியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய வேலூர் மாவட்டத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டியோடு தொடர்பு காணப்பட்டது. “நாங்கள் பன்றி இறைச்சியே உண்பதில்லையே” என்று பலர் வியப்பதுண்டு. குடலில் நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டைகள் கழுவாத கைகள், நீர், பச்சைக் காய்கறி வழியாக எவர் வயிற்றையும் அடையலாம். சைவ உணவினரும் விலக்கல்லர். கட்டியைச் சுற்றி எழும் அழற்சி அருகிலுள்ள செல்களைக் கிளரச் செய்கிறது. அப்புழுவின் இளம்பருவங்களிலேயே குளூட்டமேட் இருப்பதைக் கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மையில் கண்டுள்ளனர். (அஜினோமோட்டோவைப் பற்றியும் கேட்கிறார்கள். உணவிலுள்ள குளூட்டமேட் பெரும்பாலும் மூளைக்குள் நுழைவதில்லை.)

பெரம்பனல் என்னும் மருந்து ஆம்பா ஏற்பியையே தடுக்கிறது. ஃபெனிடோயின் போன்றவை வேறு வழியில் கிளர்ச்சியைத் தணிக்கின்றன. எதுவாயினும், சில மாதங்கள் வலிப்பு வராததைக் கண்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடக்கிவைத்த கிளர்ச்சி முன்னினும் கடுமையாகத் திரும்பக்கூடும். ஒற்றைக் கட்டி ஸ்கேனில் முற்றிலும் மறைந்திருந்தால் மருத்துவர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். சுண்ணாம்புத் தழும்பு எஞ்சியிருந்தால் நெடுநாள் தேவைப்படலாம். ஆகவே அடுத்த முறை வரும்போது பழைய ஸ்கேன் படங்களையும் தவறாது கொண்டுவருக.