தலைக்கு அளவான ஹெல்மெட்

சோனகத் தெருவிலிருந்து சாவகச்சேரி, பருத்தித்துறை என்று மோட்டார் சைக்கிளில் சரக்குடன் சுற்றும் நமது வியாபாரிகள் சிலர், பொலிஸாரைக் கண்ட பின்னரே ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுகின்றனர். தலை வலிக்கிறதாம், வேர்க்கிறதாம். பெரும்பாலும் அளவு பாராமல் வாங்கியதால் வரும் தொல்லை இது. ஹெல்மெட் மரண அபாயத்தை 42 வீதமும் தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைப்பதாக 2008இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. குடும்பத்தில் உழைப்பவர் ஒருவர் என்றால் இது சிறிய கணக்கல்ல.

தையற்காரரின் அளவு நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலாகத் தலையைச் சுற்றிப் பிடியுங்கள். 58 சென்ரிமீற்றர் வந்தால் பல கம்பனிகளில் 'எம்' அளவு. கம்பனிக்குக் கம்பனி மாறுவதால் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். தொப்பி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு அளக்கவும். தொப்பிக்கு மேல் மாட்டினால் ஹெல்மெட் வழுக்கும்.

கடையிலேயே 10 நிமிடம் அணிந்திருங்கள். கன்னத்து இறுக்கம் நாளடைவில் தளரும். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் குத்தினால் வேறு மாதிரியைக் கேளுங்கள். பட்டியைப் பூட்டிப் பின்புறமிருந்து முன்னே தள்ளும்போது கழன்றால் அது பெரிது. எஸ்.எல்.எஸ். முத்திரையையும் பாருங்கள். யாழ்ப்பாண வெயிலுக்குக் காற்றுத் துவாரமும் கழற்றிக் கழுவக்கூடிய உட்துணியும் உள்ளதற்குச் சற்றுக் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

ஹெல்மெட் விற்கும் சகோதரர்கள் ஒரு கண்ணாடியும் அளவு நாடாவும் கடையில் வைத்திருக்கலாம். விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், அரை விலைக்கும் விற்க வேண்டாம். உள்ளேயுள்ள ரெஜிபோம் ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது.