பாடத்துக்கு எடுத்த பிரதி

டில்லி சர்வகலாசாலையின் டில்லி ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸ் வளாகத்திலே, ஆசிரியர்கள் வகுத்த பாடத்திட்டத்தின்படி பல நூல்களிலிருந்து வேண்டிய பகுதிகளை மட்டும் பிரதியெடுத்து, ஒரே தொகுப்பாகக் கட்டி, பக்கத்துக்குச் சில காசு விலையில் மாணவர்களுக்கு அளித்துவந்த ராமேஸ்வரி என்னும் சிறிய ஜெராக்ஸ் கடையின்மீதும், அதற்கு இடமளித்த சர்வகலாசாலையின்மீதும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பிரசித்தி பெற்ற பிரசுராலயங்கள் 2012 ஆகஸ்டில் டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன.

பிரதி எடுப்பதற்கு உரிய அமைப்பிடம் லைசென்ஸ் பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதும், லாபம் பெறும் கடைக்குக் கல்வியின் பெயரால் சலுகை இல்லை என்பதும் அவர்களுடைய வாதம். அமெரிக்காவில் இவ்வாதம் 1991இல் கிங்கோஸ் நிறுவனத்தின் வழக்கிலும், 1996இல் மிச்சிகன் நகலகம் ஒன்றின் வழக்கிலும் ஜயம் பெற்றிருந்தது. ஆனால் நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, போதனையின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவிலே தெளிவாக விதித்திருக்கிறது.

மாணவர் சங்கமும் ஆசிரியர் சங்கமும் தாமாகவே முன்வந்து வழக்கில் சேர்ந்துகொண்டன. முன்னர் டில்லி ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸிலேயே பேராசிரியராக விளங்கியவரும், ஆக்ஸ்போர்டு பிரசுராலயத்தின் நூலாசிரியருமான அமர்த்தியா சென், வழக்கைக் கைவிடுமாறு பிரசுரகர்த்தர்களைக் கேட்டுக்கொண்டார். எவருடைய உரிமையைக் காக்க வழக்கு நடப்பதாகச் சொல்லப்பட்டதோ, அந்த நூலாசிரியர் வர்க்கத்திலிருந்தே அதற்கு ஆட்சேபம் எழுந்தது கவனிக்கத்தக்கது.

2016 செப்டம்பர் 16ஆம் தேதி நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாய்ப் பிறந்ததன்று, சட்டம் வகுத்தது. ஆகவே சட்டம் இட்ட எல்லைக்குள்ளேதான் அது வாழ முடியும். நூலகத்தில் அமர்ந்து மாணவன் கையால் எழுதிக்கொள்வது குற்றமாகாதபோது, அதையே யந்திரம் செய்வதனால் குற்றமாகிவிடாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள், பக்கங்களின் எண்ணிக்கை அளவுகோல் அன்று, போதனைக்கு அவசியமா என்பதே அளவுகோல் என்று கூறி, அந்த அவசியத்தையும், முழுப் புஸ்தகங்களைப் பிரதி செய்யலாமா என்பதையும் சாட்சியத்தால் நிர்ணயிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பினர். 2017 மார்ச்சில் பிரசுராலயங்கள் வழக்கையே வாபஸ் பெற்றுக்கொண்டன.

இத்தீர்ப்பு புஸ்தகத்தை முழுமையாகப் பிரதி செய்து விற்பதற்கு அனுமதி அளித்துவிட்டதாக எவரும் எண்ணலாகாது. அந்தக் கேள்வி விசாரணைக்கு விடப்பட்டு, வழக்கு வாபஸானதால் முடிவுபெறாமலே நின்றுவிட்டது. ஒரு பாடத்துக்கு ஓர் அத்தியாயம் போதுமானால் ஓர் அத்தியாயத்தோடு நிற்பதும், மூலநூலைக் கல்லூரி நூலகத்துக்கு விலை கொடுத்து வாங்குவதும், எழுதியவரின் பெயரைத் தொகுப்பில் தவறாமல் அச்சிடுவதும் ஆசிரியர்களின் கடமை. எழுத்தாளனின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் பணமில்லாத மாணவன் படிக்காமல் நிற்பதனால் அந்த ஊதியம் ஒரு காசும் உயர்ந்துவிடாது. சட்டம் அளித்த சுதந்திரத்தை நிதானத்தோடு அனுபவிக்கும் கல்லூரிதான் அச்சுதந்திரத்தை நாளைய மாணவர்களுக்கும் காத்துக்கொடுக்க வல்லது.