மலை மூழ்கியும் தீவு நிற்பது எப்படி?

ஹவாயின் ஹிலோ நகரில் மொக்குப்பாப்பப்பா காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளோடு போகலாம், கட்டணமில்லை. அது அறிமுகப்படுத்தும் வடமேற்குத் தீவுகளின் பவளப்பாறைகளுக்கோ அனுமதியின்றி யாரும் போக முடியாது. 2006 முதல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட கடல். வண்ண மீன்களைவிட எனக்கு வியப்பு, அத்தீவுகளில் பல இன்னும் நீருக்கு மேலே இருப்பதுதான்.

அவற்றைப் பெற்ற எரிமலைகளில் பெரும்பாலானவை எப்போதோ அமிழ்ந்துவிட்டன. பசிபிக் தட்டு வடமேற்காக நகர்கிறது. கீழிருந்து தன்னை உருவாக்கிய நெருப்பூற்றை விட்டு அதனோடு விலகிய எரிமலை, குளிரும் கடல்தளத்தோடு சேர்ந்து தாழ்கிறது. விளிம்பில் ஒட்டிய பவள உயிரிகளோ சுண்ணாம்புக்கூடு கட்டிக்கட்டி மேலேறுகின்றன. ஏனெனில் அவற்றுக்குள் வாழும் பாசிக்கு வெயில் வேண்டும்; வெயில் குறைந்தால் இரண்டுக்கும் பட்டினி.

இவ்வரிசையின் கடைசித் தீவான கூரே, உலகின் வடகோடிப் பவளத்தீவு. குளிர்நீரில் அங்கே பவள வளர்ச்சி மிக மெதுவானது. தாழும் வேகத்தோடு பவளம் ஈடுகொடுக்க முடியாமல் போகும் எல்லைக்கு டார்வின் முனை என்று பெயர். அதற்கப்பால் கடலடி மலைகள்தான்.