பாம்பு வளர்க்க ஆசையா? முதலில் வீட்டில் கேளுங்கள்

தோட்டத்தில் பாம்பைக் கண்டால் நம்மவர்கள் முதலில் தேடுவது தடியை. அடித்த பிறகு பால் ஊற்றி, சூடம் ஏற்றி, மன்னிப்பும் கேட்பார்கள். பயமும் பக்தியும் கலந்த இப்படிப்பட்ட வீடுகளில் வளரும் பிள்ளைகளில் சிலர் இப்போது, "எனக்கு ஒரு பாம்பு வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். ஆரஞ்சு நிறப் பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு யாரோ எடுத்த காணொளியைக் கைப்பேசியில் பார்த்து வந்த ஆசை அது.

ஆசையில் தவறில்லை. நாய், பூனை போலப் பாம்பும் முறையாக வளர்க்கக்கூடிய உயிர்தான். ஆனால், எந்தப் பாம்பு, எந்த வீடு, எத்தனை ஆண்டு ஆகிய மூன்றையும் யோசித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

தோட்டத்துப் பாம்பு வேண்டாம்

"செம்பனைக்குள் போனால் இலவசமாகவே கிடைக்குமே" என்று நினைப்பவர்கள் உண்டு. கெடா தோட்டங்களில் இது உயிரோடு விளையாடும் வேலை. மலாய்க்காரர்கள் 'ஊலார் காப்பாக் போடோ' என்று அழைக்கும் மலாயா குழிவிரியன் நம் வடபகுதியில் வாழ்கிறது. காய்ந்த இலைகளின் நிறத்திலேயே இருக்கும். ஆள் நெருங்கினாலும் ஓடாமல் அசையாமல் கிடக்கும். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்கள் தெரியாமல் மிதித்துக் கடிபட்டதற்கு இதுவே காரணம். பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரெய்ட், இந்தப் பாம்பின் கடியைப் பற்றிச் சக மருத்துவர்களுடன் ஆராய்ந்து 1963-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்.

விஷமில்லாத மலைப்பாம்புக் குட்டி கிடைத்தாலும் எடுக்காதீர்கள். நம் ஊர் 'சாவா பாத்திக்' முட்டையிலிருந்து வரும்போதே ஏறக்குறைய 2 அடி இருக்கும். வளர்ந்தால் 20 அடியைத் தாண்டக்கூடிய இனம் அது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது என்பதால், உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். மேலும், தோட்டத்தில் எலிகளைத் தின்று நமக்கு உதவும் பாம்பு தோட்டத்திலேயே இருப்பதுதான் நல்லது. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் 999-ஐ அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்புப் படையினரோ வந்து பிடிப்பார்கள்.

தொடக்கத்துக்கு ஏற்றவை

முதன்முறை வளர்ப்பவர்களுக்கு உலகெங்கும் அதிகம் பரிந்துரைக்கப்படுவது 'கார்ன் ஸ்நேக்' எனப்படும் சோளப்பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. இதன் வயிற்றில் உள்ள கட்டங்கள் சோள மணிகளைப் போல இருக்கும். விஷமில்லை. பெரும்பாலும் 3 முதல் 5 அடி வரைதான் வளரும். சாதுவானது, தீனியை ஒழுங்காக உண்ணும். தவறுகளை ஓரளவு தாங்கும் என்பதால் கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது.

அடுத்தது ஆப்பிரிக்காவின் 'பால் பைத்தான்'. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் இந்தப் பெயர். இதுவும் விஷமற்றது, அமைதியானது. ஆனால், சில நேரம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட உண்ணாமல் இருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் பதறிப்போவார்கள். அதனால் என் முதல் பரிந்துரை சோளப்பாம்புதான்.

எதை வாங்கினாலும், வளர்ப்பகத்தில் பிறந்த குட்டியா என்று கேளுங்கள். காட்டில் பிடிக்கப்பட்டவற்றுக்கு ஒட்டுண்ணிகளும் மன அழுத்தமும் அதிகம். உங்கள் கண்ணெதிரே குட்டி இரை உண்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெயிலும் ஈரமும்

வெளிநாட்டு வழிகாட்டிகள் வெப்ப விளக்கு வாங்கச் சொல்லும். நம் ஊரில் கவலை வேறு. சோளப்பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 29 பாகை செல்சியஸ் அளவிலும் மறுபக்கம் 24, 25 பாகையிலும் இருந்தால் போதும். தகரக் கூரை வீட்டில் நண்பகலில் அடைத்த அறை அதைவிட எளிதாகச் சூடாகிவிடும். பாம்பு தன் உடலைத் தானே குளிர்விக்க முடியாது; நிழலைத் தேடிப் போகத்தான் முடியும். பெட்டிக்குள் போக இடமில்லை என்றால் இறந்துவிடும். ஆகவே வெயில் படாத, காற்றோட்டமான மூலை வேண்டும். ஒரு வெப்பமானியும் வேண்டும்.

நம் காற்றில் ஈரப்பதம் அதிகம். பெட்டியின் தரைவிரிப்பு நனைந்தே கிடந்தால் செதில்களில் புண் வரும். காற்றுத் துளைகள், ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடங்கள், தண்ணீர்க் கிண்ணம், முக்கியமாகப் பூட்டு, இவை அவசியம். விரல் நுழையும் இடைவெளி போதும், பாம்பு வெளியே போய்விடும். வரிசை வீடுகளில் அது பக்கத்து வீட்டுக்குள் புகுந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் செல்லப்பிராணியை அவர்கள் சோளப்பாம்பாகப் பார்க்கமாட்டார்கள்.

ஐஸ் பெட்டியில் எலி

பாம்பு காய்கறி தின்னாது, பால் குடித்து வாழாது. அதற்கு முழு எலி வேண்டும். உறையவைத்த எலிகளை வாங்கி, வேண்டியபோது உருகவைத்து, இளஞ்சூடாக்கிக் கொடுப்பதே பாதுகாப்பான முறை. உயிருள்ள எலி பாம்பையே கடித்துவிடக்கூடும். குட்டிக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்த பாம்புக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போதும். எலி, பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. உண்டபின் இரண்டு நாள் தொடாதீர்கள்.

வீட்டில் பிடித்த எலியையோ தோட்டத்து எலியையோ கொடுக்கவே கூடாது. அது எலி மருந்து தின்றிருந்தால் பாம்பும் சாகும்.

இங்கேதான் அம்மா வருகிறார். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் வீட்டில், மீனும் கோழியும் இருக்கும் ஐஸ் பெட்டியில் எலியையும் வைக்க முடியுமா? முடியாது என்றால் தனிப் பெட்டிக்கு வழி உண்டா? இதை வாங்கும் முன் பேசி முடிக்க வேண்டும். பாம்பைத் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவதும் கட்டாயம். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இன்னும் கவனம் தேவை.

உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்

மலைப்பாம்பு இனங்கள் அனைத்தும் 'சைட்டிஸ்' என்னும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. பால் பைத்தானும் அதில் அடங்கும். எந்த இனமானாலும், வாங்கும் முன் அதன் பெயரைச் சொல்லி 'பெர்ஹிலித்தான்' அலுவலகத்தில் உரிமம் தேவையா என்று கேளுங்கள். விற்பவரிடம் ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் தேவையில்லை தம்பி" என்று சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். பாம்புக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர் அருகில் உள்ளாரா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இருபது ஆண்டுக் கணக்கு

கடைசிக் கேள்விதான் கடினமானது. சோளப்பாம்பு 15 முதல் 20 ஆண்டு வாழும். பால் பைத்தான் 30 ஆண்டு வரை வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961-இல் வந்த ஒரு பால் பைத்தான் 2020-இல் முட்டையிட்டது. அப்போது அதற்கு 60 வயதுக்கு மேல்!

ஐந்தாம் படிவ மாணவர் இன்று ஒரு குட்டி வாங்கினால், அடுத்த ஆண்டு அவர் மெட்ரிகுலேஷனுக்கோ ஆறாம் படிவத்துக்கோ போகிறார். பிறகு பல்கலைக்கழக விடுதி, வேலை, திருமணம். விடுதியில் பாம்புக்கு இடம் கிடைக்காது. அப்படியானால், பாம்பை ஒருநாளும் தொடாத அம்மாதான் எலியை உருகவைக்க வேண்டும். "முடியவில்லை" என்று செம்பனைக்குள் விட்டுவிடுவது தீர்வே அல்ல. அந்நியப் பாம்பு அங்கே பட்டினியால் சாகலாம். பிழைத்தால் நம் காட்டுயிர்களுக்கு நோயைப் பரப்பலாம்.

வீட்டார் மனதாரச் சம்மதித்து, நீங்கள் இல்லாதபோது பார்த்துக்கொள்ள ஒருவரும் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் காத்திருங்கள். அதுவரை, பள்ளி விடுமுறையில் பெர்லிஸ் சுங்கை பத்து பகாட்டில் உள்ள பாம்புப் பூங்காவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். தடியைத் தேடிய கை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாம்பை நின்று நிதானமாகப் பார்க்கட்டும்.