காரினுள் எழும் நாற்றம்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது இருமருங்கும் உப்பளப் பாத்திகளையும் வெண்ணிற உப்புக் குவியல்களையும் காண்பர். அவற்றை அடுத்து உப்பங்கழியும் கழுவெளிச் சதுப்பு நிலமும் பரந்து கிடக்கின்றன. காட்சி கண்ணுக்கு இனியது. எனினும் காரில் அமர்ந்திருப்போர் சிலர் அவ்விடத்தில் மூக்கைப் பொத்திக்கொள்வதும் உண்டு. அந்த நாற்றம் வெளியிலிருந்து வருகிறதா, வண்டிக்குள்ளேயே பிறக்கிறதா? இதனை ஆராயாமல் வாசனைப் புட்டியொன்றை வாங்கித் தொங்கவிடுவது, காய்ச்சல் கண்டவன் வெப்பமானியை உடைத்தெறிவது போன்றதே ஆகும்.

பண்டைத் தமிழில் 'நாற்றம்' என்பது எல்லா மணத்திற்கும் பொதுப்பெயராக இருந்தது. இன்று அது தீய வாடையை மட்டுமே குறிக்கிறது. அதன் வகைகளைப் பிரித்தறிவதே நம் முதற் கடமை.

முதலில் வெளி நாற்றத்தைப் பார்ப்போம். கழிமுகச் சேற்றின் அடியில் காற்றுப் புகுவதில்லை. அங்கே வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள், கடல்நீரில் உள்ள சல்பேட்டைக் கொண்டு உயிர்வாழ்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டையின் வாடை அதற்கு உண்டு. காரின் முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் உள்ள துளைகள் வழியே வெளிக்காற்று உட்புகுவதால், இவ்வாடையும் உடன் வருகிறது. உட்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்திச் சிறிது நேரத்தில் வாடை தணியுமாயின், குறை வண்டியில் இல்லை என்று துணியலாம். அவ்விடத்தைக் கடந்தபின் வெளிக்காற்றை மீண்டும் உள்ளே விடுதல் வேண்டும். மூடிய வண்டியில் நம் மூச்சிலிருந்து வெளிப்படும் கரியமிலவாயு பெருகினால், ஓட்டுநருக்கு அயர்வும் தூக்கமும் உண்டாகும்.

இனி, உள்ளே பிறக்கும் நாற்றம். இயற்பியல் வகுப்பில் நான் குளிர்ந்த நீர் நிறைந்த குவளையை மேசைமீது வைத்து, "இதன் வெளிப்புறத்தில் வியர்த்த நீர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பது வழக்கம். குவளை கசிகிறது என்பார் சிலர். காற்றிலிருந்து வந்தது என்பார் சிலர். பின்னவர் கூற்றே சரி. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று, ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது; 5 டிகிரியில் அதனால் 7 கிராம் அளவே தாங்க இயலும். காற்றுக் குளிரும்போது எஞ்சிய ஈரம் நீராகப் படிந்துவிடுகிறது.

1902ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலறிஞர் வில்லிஸ் கேரியர், புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்திற்காகக் குளிர்சாதன முறையை வகுத்தார். வெப்பத்தைத் தணிப்பதைவிட, தாளைச் சுருங்கவும் விரியவும் செய்த காற்றின் ஈரத்தை அடக்குவதே அவருடைய முதல் நோக்கம். ஆக, காற்றிலிருந்து நீரைப் பிரிப்பது இச்சாதனத்தின் இயல்பு. காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குளிர்சுருளில் அந்நீர் படிந்து, ஒரு வடிகுழாய் வழியே தரையில் சொட்டுகிறது. சுருளில் எஞ்சும் ஈரமும், அதில் ஒட்டிய தூசியும், உள்ளே நிலவும் இருளும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஏற்ற விளைநிலம். வண்டியைக் கிளப்பி ஏசியைப் போட்டவுடன் ஈரத்துணி புழுங்கியது போன்ற வாடை வீசுவது அதனாலேயே.

கடற்கரையில் இத்தொல்லை மிகுதி. இங்குக் காற்றில் ஈரம் அதிகம். உப்புத் துகள்களும் கலந்துள்ளன. மழைக்காலத்தில் அடுக்களையின் உப்பு ஜாடி கசிவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே சுருளில் படிந்த உப்பும் காற்றின் ஈரத்தை ஈர்த்து அதனை உலரவிடாது. அலுமினியத் தகடுகளையும் நாளடைவில் அரித்துவிடும்.

நோய் ஈரத்தில் இருக்கிறது. ஆதலின் மருந்தும் உலர்த்துவதில் இருக்கிறது. பயணம் முடியச் சில நிமிடங்களுக்கு முன்னரே குளிரூட்டும் பொத்தானை அணைத்து, விசிறியை மட்டும் ஓடவிடுக. முன்கண்ணாடியின் அடியில் தேங்கும் சருகுகளை அகற்றுக. பல கார்களில் இடப்புறச் சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை, வண்டியின் கையேட்டில் கண்டபடி மாற்றுக. புழுதியும் உப்பும் மிக்க சாலையில் இன்னும் முன்னதாகவே மாற்றுதல் நலம். ஏசி ஓடும்போது வண்டியின் கீழே நீர் சொட்டுவது நற்குறி. புழுக்கமான நாளிலும் சொட்டாமல், உள்ளே கால்மிதி நனைந்திருந்தால், வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். இவற்றாலும் தீராவிடில், மெக்கானிக்கைக் கொண்டு சுருளைக் கழுவச் செய்க. பிளீச்சிங் கரைசலை அதில் ஊற்றலாகாது. அது உலோகத்தை அரிக்கும், அதன் ஆவி நுரையீரலுக்கும் தீங்கு. கருவாட்டு மூட்டை ஏற்றி வந்த வண்டியாயின், குற்றம் குளிர்சாதனத்தில் அன்று, இருக்கைத் துணியில்! அதனை வெயிலில் உலர்த்தி, சமையல் சோடாவைத் தூவிச் சில மணி நேரம் கழித்துத் தட்டி எடுத்தால் வாடை குறையும்.

வாசனைப் புட்டியை நான் ஏற்காததற்கு மற்றொரு காரணமும் உண்டு. இனிப்பு வாடை வீசி முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான மங்கல் படர்ந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் கசிகிறது என ஐயுற வேண்டும். பெட்ரோல் வாடையோ, மின்கம்பி கருகும் வாடையோ எழுந்தால், வண்டியை உடனே நிறுத்தி அனைவரும் இறங்கிவிட வேண்டும். இந்த எச்சரிக்கைகளை மல்லிகை மணத்தால் மூடி மறைப்பது அறிவுடைமை ஆகாது.

எல்லா ஆபத்தும் மணத்தால் தன்னை அறிவிப்பதுமில்லை. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைந்து, உறங்குபவரை உறக்கத்திலேயே மாய்த்துவிடும். நெடும்பயணத்தின் இடையே, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஏசியில் உறங்குவது எத்துணைக் களைப்பிலும் கூடாது. இதனை உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவர்களிடம் இன்றே எடுத்துரையுங்கள். நாற்றமுள்ள இடத்தில் அதன் காரணத்தைத் தேடுங்கள். நாற்றமில்லை என்பதாலேயே நலம் என்று எண்ணிவிடாதீர்கள்.